கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பிறகு: துப்பாக்கியைக் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும்

சந்தேகங்களும் விளக்கங்களும்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியிருந்தவர்களை ஒருவன் சுட்டுத் தள்ளினான். 51 பேர் இறந்தார்கள். அவன் பெயரை உச்சரிக்கப் போவதில்லை என்றார் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன். இங்கும் அந்தப் பெயர் இல்லை.

அடுத்த சில மாதங்களில் அந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருந்த சாதாரண ஆட்கள் என்ன செய்தார்கள் என்பது நம் பக்கம் அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்தது. நாடே ஆயுதத்தைக் கீழே போட்டது என்பார் ஒருவர். எல்லாம் வெறும் நாடகம், எவனும் கொடுக்கவில்லை என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கணக்கைப் பார்த்துப் பேசவில்லை.

சட்டம் வருவதற்கு முன்பே துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் உண்டா?

உண்டு. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, அமைச்சரவைக் கூட்டம் முடிந்து பேசிய ஆர்டர்ன், துப்பாக்கியை எப்போது வேண்டுமானாலும் போலீஸிடம் ஒப்படைக்கலாம் என்று நினைவூட்டினார். சிலர் ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டிருப்பதாகச் சொல்லிப் பாராட்டினார். மறுநாள் இரவு வரை நாடு முழுவதும் போலீஸ் கணக்கில் வந்தவை 37 துப்பாக்கிகள். அந்த நாட்டில் அப்போது துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். அவர்களிடம் இருந்த துப்பாக்கிகள் 12 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இதில் 37 என்பது ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் போலீஸ் ஒரு வேண்டுகோளும் விடுத்தது. துப்பாக்கியைக் கொடுக்க வருபவர்கள் தயவுசெய்து முதலில் போன் செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நியாயம்தான். நாடே உச்சகட்டப் பாதுகாப்பில் இருக்கும்போது ஒருவர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றால், அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருக்கிறார் என்பது உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அப்படிக் கொடுத்தவர்களில் வெளியுலகுக்குத் தெரிந்தவர் மாஸ்டர்டன் பகுதி விவசாயி ஒருவர். பசுமைக் கட்சி சார்பில் தேர்தலில் நின்றவர். பண்ணையில் சில வேலைகளுக்கு அந்த ரைஃபிள் பயன்படத்தான் செய்தது, ஆனால் என் சௌகரியத்துக்காக இவ்வளவு ஆபத்தான ஒன்று நாட்டில் இருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். அதற்கு அவர் வாங்கிய வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வந்தது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் பலர் அவரோடு உடன்படவில்லை என்றாலும், அவர்களுடைய வாதம் வேறு மாதிரி இருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

37 துப்பாக்கிகளால் என்ன ஆகிவிடப் போகிறது?

எண்ணிக்கையில் ஒன்றும் ஆகவில்லை. பேச்சில் ஆனது. விவசாயிகளுக்கு இது இல்லாமல் முடியாது என்பதுதான் அதுவரை எந்தக் கட்டுப்பாட்டையும் தடுத்து நிறுத்திய முதல் வாதம். விவசாயி ஒருவரே எனக்கு இது வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்த வாதம் பழைய பலத்தோடு நிற்கவில்லை. ஒரு வாரம் கடுமையாக விவாதித்த பிறகு, ஃபெடரேட்டட் ஃபார்மர்ஸ் என்ற விவசாயிகள் சங்கமே தடையை ஆதரித்தது. எங்கள் உறுப்பினர்களில் சிலருக்கு இது பிடிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னது.

வியாபாரிகள் பக்கமும் அசைவு இருந்தது. டிரேட் மீ என்ற ஏல இணையதளம் அரைத் தானியங்கித் துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. ஹன்டிங் அண்ட் ஃபிஷிங் என்ற கடைத் தொடர், ராணுவ பாணித் துப்பாக்கிகளை இனி விற்பதில்லை என்றது. இதற்கு நேர்மாறாக, தடை வருமுன் வாங்கிவைத்துவிடலாம் என்று கடைகளுக்கு ஓடியவர்களும் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஒரே வாரத்தில் ஒரே ஊரில் ஒருவர் கொடுக்கப் போகிறார், இன்னொருவர் வாங்கப் போகிறார். மனிதர்கள் இப்படித்தான்.

இந்தக் கடைசி ரகத்தாரை மனதில் வைத்துத்தான் மார்ச் 21 பிற்பகல் 3 மணிக்கு அரசு முன்னறிவிப்பில்லாமல் ஓர் ஆணையைக் கொண்டுவந்தது. பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் அந்த நிமிடத்திலிருந்து சிறப்பு அனுமதி வேண்டிய வகைக்கு மாறின. சாதாரண லைசென்ஸை வைத்துக்கொண்டு அன்று மாலை கடைக்குப் போனவர் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்.

எந்தத் துப்பாக்கிக்குத் தடை? எல்லாவற்றுக்குமா?

இல்லை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய வேட்டை ரைஃபிள்களை யாரும் தொடவில்லை. விசையை அழுத்த அழுத்த, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி வகைதான் இலக்கு. அதிலும் முயல் சுடப் பயன்படும் .22 ரிம்ஃபயர் வகை, மேகசினில் 10 தோட்டாக்களுக்கு மேல் போகாதவரை, தப்பித்தது. கழற்ற முடியாத குழாய் மேகசினில் ஐந்து தோட்டா வரை கொள்ளும் ஷாட்கன்களும் தப்பின.

சட்டம்தான் கட்டாயப்படுத்தியதே, பிறகு 'தானாக முன்வந்து' என்ற பேச்சுக்கே இடமில்லையே?

நிறையப் பேருக்கு வரும் சந்தேகம் இது. காகிதத்தில் பார்த்தால் சரியான சந்தேகம். ஏப்ரல் 10ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 119க்கு 1 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஒரே ஆள் ஏசிடி கட்சியின் டேவிட் சீமோர். இவ்வளவு அவசரம் கூடாது என்பது அவர் வாதம். (மசோதாவை விரைவு வழியில் கொண்டுபோவதை ஆட்சேபிக்க அவருக்கு அவைக்குள் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த நேரத்தில் அவர் வெளியே நிருபர்களிடம் அவசரத்தைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்ததால் அது கை நழுவியது.) டிசம்பர் 20க்குள் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பிறகும் வைத்திருந்தால் ஐந்தாண்டு வரை சிறை.

ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? சிக்கல் அங்கேதான். நியூசிலாந்து 1983இல் ஒரு முடிவெடுத்திருந்தது. அதற்கு முன் ரைஃபிள்களுக்குத் தனித்தனியாகப் பதிவு இருந்தது. காகிதப் பதிவேடுகளில் பிழை மலிந்துபோய், அதைச் சரிசெய்வது வீண் செலவு என்று கருதி, இனி ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்தால் போதும், அவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று எழுதிவைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1990இல் அரமோவானா என்ற கடலோரக் கிராமத்தில் ஒருவன் 13 பேரைக் கொன்றான். அதன் பிறகு 1992இல் ராணுவ பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மட்டும் தனிப் பிரிவும் கூடுதல் கட்டுப்பாடும் வந்தன. 1997இல் ஓய்வுபெற்ற நீதிபதி சர் தாமஸ் தோர்ப் எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவேடு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அது அப்படியே கிடந்தது.

ஆக, 2019இல் தடை வந்தபோது, தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை எந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று அரசுக்குத் தெரியாது. லைசென்ஸ்காரர்களின் முகவரி இருந்தது, அவ்வளவுதான். அந்த முகவரியில் இருப்பவர் என்னிடம் ஒன்றுமில்லை என்றால் மறுக்க ஆதாரம் கிடையாது. சட்டம் கட்டாயம் என்றது. நடைமுறையில் உரிமையாளரின் மனசாட்சியும், பணத் தேவையும், மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும்தான் துப்பாக்கியை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே அவர்களின் மனநிலை என்ன என்பது அந்த அரசுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. திட்டம் முழுவதும் அதை வைத்தே வடிவமைக்கப்பட்டது. எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம் என்ற பொதுமன்னிப்பும், ஊர் ஊராக நடத்திய முகாம்களும், நஷ்டஈடும் அதற்காகத்தான்.

விவசாயிக்கு எதற்கு அப்படியொரு துப்பாக்கி?

நியூசிலாந்தில் மனிதன் போய்ச் சேருவதற்கு முன் நிலவாழ் பாலூட்டி என்று வௌவாலைத் தவிர எதுவும் இல்லை. முயல், மான், ஆடு, பன்றி, வாலபி, பாஸம் (possum) எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. எதிரி இல்லாத மண்ணில் அவை பெருகி, மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் தின்று தீர்க்கின்றன. ஒரு மலைச் சரிவில் காட்டாட்டுக் கூட்டத்தைச் சுடும்போது முதல் வெடிச் சத்தத்தில் மற்றவை சிதறி ஓடிவிடும். அடுத்தடுத்து வேகமாகச் சுட முடிந்தால் வேலை முடியும். இது கற்பிதமான தேவை அல்ல. தொல்லை தரும் விலங்குகளைக் கட்டுப்படுத்தும் வேலையைத் தொழில்முறையாகச் செய்பவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு தரப்பட்டது. விவசாயிகளில் சிலர், நாங்களே எங்கள் நிலத்தில் செய்கிறோமே, எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். 2020இல் வந்த அடுத்த துப்பாக்கிச் சட்டத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் கதவு திறந்தது.

கொடுத்தவர்களுக்கு என்ன விலை கிடைத்தது?

ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் அடிப்படை விலை வைத்தார்கள். புதிதுபோல இருந்தால் அதில் 95 சதவீதம், ஓரளவு உழைத்திருந்தால் 70, மோசமான நிலையில் இருந்தால் 25. அதாவது அடிப்படை விலை 2,000 டாலர் என்றால், நிலையைப் பொறுத்து 1,900 அல்லது 1,400 அல்லது 500.

முதல் முகாம் ஜூலை 13 அன்று கிறைஸ்ட்சர்ச்சின் ரிக்கர்ட்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்தது. தாக்குதல் நடந்த அதே நகரம். 169 பேர் வந்து 224 துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். அன்று மட்டும் வழங்க ஒப்புக்கொண்ட தொகை 4.33 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல். வாங்கிய துப்பாக்கிகளை நசுக்கி உருக்குலைக்க எந்திரம் வைத்திருந்தார்கள். பணம் பின்னர் வங்கிக் கணக்குக்குப் போனது.

வந்தவர்களில் மலர்ந்த முகங்களும் உண்டு, கறுத்த முகங்களும் உண்டு. பழைய, அதிகம் பயன்படாத துப்பாக்கிக்கு எதிர்பாராத நல்ல விலை கிடைத்தது என்று சிலர். பார்த்துப் பார்த்துப் பணம் போட்டு மெருகேற்றிய துப்பாக்கிக்கு அட்டவணை விலைதானா என்று சிலர். துப்பாக்கி போன பிறகு அதற்கென்றே வாங்கிய தொலைநோக்கிக் கண்ணாடியையும் உபகரணங்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இன்னொரு புலம்பல். தடை செய்யப்பட்ட சில வகைத் தோட்டாக்களுக்கு நஷ்டஈடே கிடையாது என்பதை எதிர்த்துத் துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டமைப்பான கோல்ஃபோ நீதிமன்றம் வரை போனது. அப்பா விட்டுப்போன துப்பாக்கிக்கு எந்த அட்டவணையிலும் விலை எழுத முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒழுங்காக இருந்தவர்களுக்குத் தண்டனையா?

உரிமையாளர்களிடமிருந்து அதிகம் வந்த கேள்வி இதுதான். நியாயம் கலந்த கேள்வியும்கூட. இருபது, முப்பது வருஷம் லைசென்ஸ் வைத்திருந்து, பூட்டிய பெட்டியில் துப்பாக்கி வைத்து, ஒரு புகாரும் இல்லாமல் வாழ்ந்தவரை ஒரே வாரத்தில் நாட்டின் ஆபத்து என்பதுபோலப் பார்க்கத் தொடங்கினால் அவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்? கொன்றவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன், எங்களில் ஒருவன் அல்ல என்றார்கள். மக்கள் கருத்துச் சொல்லக் கிடைத்ததே இரண்டு மூன்று நாள்தான், அதற்குள் சுமார் 13,000 மனுக்கள் குவிந்தன, அதை யார் படித்தார்கள் என்றும் கேட்டார்கள். அவசரம் பற்றிய அந்தக் கோபத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் அவர்கள் வசதியாகக் கடந்துபோகும் ஒரு விஷயம் இருக்கிறது. கொன்றவன் லைசென்ஸ்காரன். 2017 ஆகஸ்டில் நாட்டுக்கு வந்தான். நவம்பரில் லைசென்ஸ் வாங்கிவிட்டான். அவனுக்கு நற்சான்று சொன்னவர்கள் இணைய விளையாட்டு வழியாகப் பழகிய ஒரு நண்பரும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். துப்பாக்கிகளைக் கடையில் சட்டப்படி வாங்கினான். சாதாரண லைசென்ஸில் ஏழு தோட்டா மேகசினோடுதான் அந்த வகையை வைத்திருக்கலாம். ஆனால் பெரிய மேகசினைத் தனியாக வாங்குவதற்கு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வாங்கி மாட்டினால் முடிந்தது. அவனைப் போன்ற ஆளுக்கும் ஒழுங்கான ஆளுக்கும் கடைக்காரர் பார்வையில் எந்த வித்தியாசமும் தெரியாதபடிதான் அந்த ஏற்பாடு இருந்தது. 2020 டிசம்பரில் வெளிவந்த ராயல் கமிஷன் அறிக்கை, லைசென்ஸ் கொடுத்த போலீஸ் நிர்வாகம் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று கண்டது.

உரிமையாளர்கள் அதையும் பிடித்துக்கொண்டார்கள். தவறு போலீஸுடையது, பறிபோனது எங்களுடையதா என்றார்கள். பாதி உண்மை. போலீஸ் சரியாக வடிகட்டியிருந்தால் இந்த ஒருவன் சிக்கியிருக்கலாம். அடுத்தவனும் சிக்குவான் என்று அதை நம்பி அவ்வளவு தோட்டா பாய்ச்சும் கருவியைக் கடையில் வைக்கலாமா என்பதுதான் அரசின் முன் இருந்த கேள்வி. அதற்கு நாடாளுமன்றத்தில் 119 பேர் வேண்டாம் என்றார்கள்.

ரவுடிக் கும்பல்கள் கொடுத்தனவா?

நியூசிலாந்தில் மாங்ரல் மாப் போன்ற கும்பல்கள் வெளிப்படையாகவே இயங்குபவை. நாங்கள் கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் தரப்பிலிருந்து பகிரங்கமாகவே குரல் வந்தது. போட்டிக் கும்பல் கொடுக்காதபோது நாங்கள் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு. பொதுமன்னிப்பில் எவர் வேண்டுமானாலும் கேள்வியில்லாமல் கொடுக்கலாம் என்றாலும், திட்டம் முக்கியமாக லைசென்ஸ்காரர்களைத்தான் எட்டியது. குற்றவாளி கொடுக்கமாட்டான் என்பதைக் காட்டி திட்டமே வீண் என்பவர்கள், கிறைஸ்ட்சர்ச்சில் சுட்டவன் அன்று காலை வரை லைசென்ஸ் பெற்ற உரிமையாளன்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கொடுக்க முன்வந்தவர்களின் விவரம் கசிந்ததாமே?

கசிந்தது. 2019 டிசம்பர் தொடக்கத்தில், ஒப்படைப்புக்கான இணையதளத்தில் நடந்த ஒரு மாற்றத்தால், துப்பாக்கி வியாபாரி ஒருவர் மற்றவர்களின் சொந்த விவரங்களைப் பார்க்க முடிந்தது. தளத்தை உடனே மூடினார்கள். யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று உரிமையாளர்கள் மாதக்கணக்காகச் சொல்லிவந்த பயத்துக்கு, கெடு முடிய மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், அரசே ஆதாரம் கொடுத்ததுபோல ஆயிற்று.

கடைசியில் எத்தனை துப்பாக்கி வந்தது? வெற்றி என்று சொல்லலாமா?

2020 மே மாதம் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, திரட்டி அழிக்கப்பட்ட அல்லது சட்டத்துக்கு உட்பட்ட வடிவத்துக்கு மாற்றப்பட்ட துப்பாக்கிகள் 61,332. நஷ்டஈடு ஏறக்குறைய 12 கோடி நியூசிலாந்து டாலர். நிர்வாகச் செலவு 1.8 கோடி ஆகும் என்று போட்ட கணக்கு 3.5 கோடி வரை போகலாம் என்றது அதே அறிக்கை.

61,332 என்பது அதிகமா, குறைவா? மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்! நாட்டில் அந்த வகைத் துப்பாக்கிகள் 55,000 இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு, 2,40,000 இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. முதலாவது சரி என்றால் எல்லாமே வந்துவிட்டது, அதற்கு மேலும் வந்துவிட்டது. இரண்டாவது சரி என்றால் நான்கில் மூன்று பங்கு இன்னும் வீடுகளில் இருக்கிறது. அரசு தன் வெற்றியைச் சொன்னது. 1,70,000 இருந்தன, மூன்றில் ஒரு பங்குதான் வந்தது என்றது கோல்ஃபோ. வேலையை நன்றாக நடத்தினார்கள், ஆனால் பலன் எவ்வளவு என்று அளக்க வழியில்லை என்பதுதான் தணிக்கையாளரின் முடிவு. இந்த மூவரில் நான் தணிக்கையாளர் பக்கம்.

ஆஸ்திரேலியா இதை முன்பே செய்ததே, அங்கும் இப்படித்தானா?

1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மத்திய அரசும் மாநிலங்களும் உடன்பாட்டுக்கு வந்தன. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை வாங்கி அழித்தார்கள். செலவுக்கு ஓராண்டுக்கு மருத்துவ வரியை 0.2 சதவீதம் உயர்த்தினார்கள். அங்கும் கிராமப்புற உரிமையாளர்கள் கொதித்தார்கள். பிரதமர் ஜான் ஹோவர்ட் சேல் என்ற ஊரில் அவர்கள் கூட்டத்தில் பேசப் போனபோது கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவச உடை அணிந்திருந்தார். நியூசிலாந்தில் அந்த அளவுக்கு முறுகல் போகவில்லை. ஆஸ்திரேலியாவின் உடன்பாட்டில் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இருந்தது. அதைப் பார்த்து நியூசிலாந்து அப்போதே கற்றிருக்கலாம். மறு ஆண்டே வந்த தோர்ப் அறிக்கையும் அதையேதான் கேட்டது.

இப்போது பதிவேடு வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 2020 சட்டத்தின்படி உருவான துப்பாக்கிப் பதிவேடு 2023 ஜூன் 24 அன்று திறந்தது. உரிமையாளர்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதே 2023 கடைசியில் ஆட்சி மாறியது. 2019இல் கோல்ஃபோவின் குரலாக இருந்து தடையைக் கடுமையாக விமர்சித்த நிக்கோல் மெக்கீ, ஏசிடி கட்சி எம்.பி.யாகி, துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்புள்ள துணை அமைச்சர் பதவிக்கே வந்தார். துப்பாக்கி உரிமையாளர்களின் வருத்தம் எதிர்ப்பு மனுவோடு நிற்காமல் அமைச்சரவை வரை வந்து சேர்ந்தது.

பதிவேட்டாலும் 2019இன் கேள்விக்கு விடை கிடைக்காது. அப்போது கொடுக்காமல் மறைத்த ஒருவர், இன்று அந்தத் துப்பாக்கியைப் பதிவு செய்யப் போனால் தன் குற்றத்தைத் தானே எழுதிக்கொடுத்ததாக ஆகும். அவர் வேட்டை ரைஃபிளை மட்டும் பதிவு செய்வார். மற்றதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். ஏதோ ஒரு சோதனையிலோ, அவர் இறந்த பிறகு பிள்ளைகள் வீட்டை ஒழிக்கும்போதோதான் அது வெளியே வரும்.